மாணவர் ஆய்வும் மேகக் கணிமையும்: உடைமை பற்றிய ஒரு விமர்சனம்

1

ஆராய்ச்சி பற்றிப் பேசும்போது ஆய்வாளரது கொள்கை, அணுகுமுறை, முடிபுகள் ஆகியவற்றை விரிவாக விவாதிக்கும் நாம், அவ்வாராய்ச்சி எத்தகைய கருவிகளைக் கொண்டு, எத்தகைய உறவுகளுக்குள் நின்று செய்யப்படுகின்றது என்னும் வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஒரு நாவல் தோன்றிய சமூகப் பின்னணியை நுணுகி நோக்கும் விமர்சகர்கூட, தமது ஆய்வேடு தோன்றிய பின்னணியை வெறும் சொந்த விடயமாகவே கருதிவிடுகின்றனர். க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் மேற்கொண்ட ஆய்வுகள் ஈழத்துத் தமிழியலுக்குத் தந்த அடிப்படைப் பாடம், இலக்கியத்தை அது தோன்றிய வாழ்க்கை நிலைமைகளோடு பொருத்தி நோக்க வேண்டும் என்பதாகும். அப்பாடத்தை இலக்கியத்திற்கு மட்டும் உரியதாக்கி, ஆராய்ச்சிக்கு விலக்களிப்பது பொருந்தாது.

இவ்வினா இன்று அவசரமானதாகியுள்ளது. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டமையைத் தொடர்ந்து, கற்பித்தல் மாத்திரமன்றி மாணவர் ஆய்வுகளின் மேற்பார்வையும் இணையவழிக்கு மாறியது. தொற்று தணிந்த பின்னரும் அம்மாற்றம் முற்றாக நீங்கவில்லை. கூகிள் ட்ரைவ், கூகிள் டொக்ஸ், மைக்ரோசொப்டின் வன்ட்ரைவ், ட்ரெல்லோ, சொட்டேரோ முதலிய கருவிகள் இறுதியாண்டு ஆய்வேட்டினதும் குழு ஆய்வினதும் அன்றாடச் சாதனங்களாகிவிட்டன. வெள்ளவத்தையில் வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மட்டக்களப்பு மாணவியும், கொட்டாஞ்சேனையில் பெற்றோருடன் வாழும் மாணவனும், விடுமுறைக்குப் பதுளை சென்றிருக்கும் அவர்களது தோழனும் ஒரே ஏட்டில் ஒரே வேளையில் எழுதுவது இப்பொழுது வியப்புக்குரிய செய்தியன்று. இம்மாற்றத்தை வரவேற்பதா, வெறுப்பதா என்பதன்று எமது கேள்வி. இதனால் யாருடைய உழைப்பு எவ்வாறு அமைகின்றது, அதன் விளைபொருள் இறுதியில் யார் கையிற் சேர்கின்றது என்பதே கேள்வி.

2

முதலிற் பெயரை நோக்குவோம். மேகக் கணிமை என்றும் முகிற் கணிமை என்றும் தமிழில் வழங்கும் இத்தொடர், ஒரு வர்த்தக உருவகத்தின் மொழிபெயர்ப்பாகும். ஆயின் தமிழுக்கு வந்ததும் அவ்வுருவகம் மூலத்தில் இல்லாத ஒரு பொருட்செறிவைப் பெற்றுவிடுகின்றது. எமது இலக்கிய மரபிலே மேகம் கைம்மாறு கருதாத கொடைக்கு உவமை. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் மாரியை இக்கருத்திலேயே எடுத்தாளுகின்றது. வள்ளல்களை மழையோடு ஒப்பிடுதல் புலவர் மரபு. 'இலவசமாக 15 ஜிகாபைட்' என்னும் அறிவிப்பை வாசிக்கும் தமிழ் மாணவருக்கு, அதனைப் பொழியும் மேகம் ஒரு கொடையாளியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. கருத்துநிலை செயற்படும் முறைகளுள் இதுவும் ஒன்று: பொருளாதார உறவொன்று இயற்கை நிகழ்ச்சியாகக் காட்சியளிக்கின்றது.

உண்மையில் இம்மேகம் வானத்திலில்லை. அது நிலத்தின்மீது கட்டப்பட்ட தரவு நிலையங்களில், பெருமளவு மின்சாரத்தையும் குளிரூட்டும் நீரையும் நுகர்ந்துகொண்டு இயங்குகின்றது. கூகிளின் ஆசியத் தரவு நிலையங்களுள் ஒன்று சிங்கப்பூரிலுள்ளது. இலங்கையிலிருந்து செல்லும் செய்தி, மாத்தறையிற் கரையேறும் வடத்தைப் போன்ற கடலடி வடங்களின் வழியே வெளிநாடுகளை அடைகின்றது. வடம், கட்டடம், மின்சாரம், அவற்றைப் பேணும் தொழிலாளர் ஆகிய அனைத்தும் உள்ள உற்பத்தி அமைப்பொன்றினையே மேகம் என்கிறோம். இதனை மனங்கொள்ளாமல், 'கோப்பு மேகத்தில் இருக்கிறது' என்று கூறுவோமாயின், அது எங்கே இருக்கிறது, யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்னும் இரு வினாக்களையும் மறந்துவிடுகிறோம்.

3

எனினும் இக்கருவிகளின் முற்போக்கான பங்கினை மறுப்பது வரலாற்று நோக்காகாது. இயந்திரத்தை உடைத்த ஆங்கிலத் தொழிலாளரைப் பற்றி எழுதுமிடத்து மார்க்ஸ், இயந்திரத்தையும் மூலதனம் அதனைப் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்தி அறிவதற்குத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று காட்டினார். அவ்வேறுபாடு ஈண்டும் பொருந்தும்.

தமிழ் ஆய்வாளருக்குக் கிடைத்த நன்மைகளுள் இரண்டினைச் சுட்டலாம். ஒன்று, அச்செழுத்தை உணரும் வசதியாகும். பழைய தமிழ் நூலொன்றின் படத்தைக் கூகிள் ட்ரைவில் ஏற்றி, அதனைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றும் வசதி 2015 முதல் தமிழுக்கும் உண்டு. பிழைகள் மலிந்திருப்பினும், ஒரு சஞ்சிகையின் பத்தாண்டு இதழ்களுள் ஒரு சொல்லைத் தேடி வாரக்கணக்கிற் செலவிட்ட நேரத்தை இது மிச்சப்படுத்துகின்றது. ஆயினும் மாணவரது சொந்தக் கோப்புகளே பல வேளைகளில் இதற்குத் தடையாகின்றன. கொழும்பு அச்சகங்கள் பலவற்றில் நெடுங்காலம் பயன்பட்ட பாமினி எழுத்துருவிலே தட்டெழுதிய கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் உரோம எழுத்துக் குவியலாகக் காட்சியளிக்கும். அதிலே தமிழ்ச் சொல்லொன்றைத் தேட இயலாது. ஒருங்குறியிற் தட்டெழுதுவது வெறும் தொழில்நுட்ப விருப்பமன்று. அது பிறர் வாசிக்கத் தக்கதாக எழுதுவதற்கான நிபந்தனையாகும்.

இரண்டாவது நன்மை கூட்டுழைப்புச் சார்ந்தது. ஆய்வேடு என்பது தனியொருவரது மேதைமையின் வெளிப்பாடு என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. நூலகர், தகவல் தந்தோர், கைப்பிரதியைத் தட்டெழுதியோர், மேற்பார்வையாளர், சக மாணவர் ஆகியோரது உழைப்பு நன்றியுரைப் பக்கத்திலே ஒரு வாக்கியமாக ஒடுங்கிவிடும். பலர் சேர்ந்தெழுதும் ஏட்டிலோ, ஒவ்வொரு திருத்தமும் ஓரக்குறிப்பும் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகின்றன. அறிவுற்பத்தியின் சமூகத் தன்மை கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைப் பெறுகின்றது.

பதிப்பியல் அறிந்தோர்க்கு இவ்விடத்தில் பாடபேதம் நினைவுக்கு வரும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து பெற்ற ஏடுகளை ஒப்பிட்டே மூலத்தை நிறுவ வேண்டியிருந்தது. ஓர் ஏடு சிதைந்தால் இன்னோர் ஏடு உதவிற்று; ஏடுகள் வேறுபட்ட இடத்திலே சிந்தனைக்கு இடம் பிறந்தது. இன்றைய ஏட்டின் 'திருத்த வரலாறு' அத்தகைய பாடபேதத் தொகுதியேயாகும். ஆனால் ஒரு வேறுபாடுண்டு. அன்றைய பாடபேதங்கள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளிற் கிடந்தன. இன்றையவை அனைத்தும் ஒரே நிறுவனத்தின் களஞ்சியத்தில் உள்ளன. ஆய்வேட்டைச் சாதாரணக் கோப்பாகத் தரவிறக்கும்போது இறுதி வடிவம் மட்டுமே மாணவரது கைக்கு வருகின்றது. திருத்த வரலாறு வருவதில்லை. சிந்தனை வளர்ந்த வழி அங்கேயே தங்கிவிடுகின்றது.

4

கருவி நடுநிலையானதன்று, தன்னைப் பயன்படுத்துவோரின் உழைப்பை அது ஒரு வடிவத்திற்குள் ஒழுங்குபடுத்துகின்றது. மாணவர் ஆய்வை நிர்வகிப்பதற்குப் பரிந்துரைக்கப்படும் ட்ரெல்லோ போன்ற பலகைகளை எடுத்துக்கொள்வோம். 'செய்ய வேண்டியவை, செய்யப்படுபவை, செய்து முடிந்தவை' என மூன்று நிரல்கள். வேலைகள் அட்டைகளாக இடமிருந்து வலமாக நகரும். இம்முறையின் தாயகம் பல்கலைக்கழகமன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் ரொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையிலே, உதிரிப்பாகம் தேங்காமல் உற்பத்தி நடைபெறுவதற்காகத் தாயிச்சி ஓனோ வகுத்த கன்பன் முறையின் வழிவந்தது இது. உதிரிப்பாகம் எப்போதும் முன்னோக்கியே செல்லும். ஆராய்ச்சியோ அவ்வாறன்று. மூன்றாம் இயலை எழுதும்போது முதலாம் இயலின் அடிப்படையே தவறென்று தெரியவரலாம். 'முடிந்தது' என்று ஒதுக்கிய செவ்வி ஒன்று, பின்னர் வந்த தகவலினாற் புதுப்பொருள் பெறலாம். பின்னோக்கிச் செல்வது பலகையிலே தாமதமாகத் தோன்றும். ஆராய்ச்சியிலோ அதுவே வளர்ச்சி. காலக்கெடுவை நினைவூட்டுவதற்குப் பலகை உதவலாம். அதனையே ஆராய்ச்சியின் அளவுகோலாக்கினால், கேள்வி கேட்பவர் பின்தங்கியவராகவும் ஏற்கெனவே அறிந்ததைத் திருப்பிச் சொல்பவர் முன்னேறியவராகவும் கணிக்கப்படுவர்.

உழைப்பைப் பதிவுசெய்யும் முறையிலும் இவ்வாறானதொரு குறை உண்டு. திருத்த வரலாறு தட்டெழுத்தைக் கணக்கிடுகின்றது, சிந்தனையை அன்று. தோட்டத் தொழிலாளரிடையே வாய்மொழிப் பாடல்களைச் சேகரிக்கும் ஒரு மாணவர் குழுவை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் லயங்களுக்குச் சென்று முதியோருடன் பல நாள் பழகிப் பாடல்களைப் பதிவுசெய்கின்றார். இன்னொருவர் அவற்றைக் கேட்டுக் குறிப்பேட்டிற் படியெழுதுகின்றார். மடிகணினியும் தடையற்ற இணைய இணைப்பும் உடைய மூன்றாமவர் அனைத்தையும் ஏட்டில் ஏற்றுகின்றார். பதிவேட்டைப் பார்க்கும் மேற்பார்வையாளருக்கு மூன்றாமவரே பெரும் உழைப்பாளியாகத் தோன்றுவார். முதலிருவரது உழைப்பும் மேகத்தைச் சென்றடையவில்லை. கருவியின் பதிவு வர்க்க வேறுபாட்டை மறைப்பது மட்டுமன்றி, அதற்குப் புள்ளியும் வழங்குகின்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்த காலத்தை நினைவுகூர்வோர், மின்கல வசதியுள்ள தொடர்மாடி வீட்டு மாணவரும் கைத்தொலைபேசியை மட்டும் நம்பியிருந்த மாணவரும் ஒரே 'மேகத்தின்' கீழ் வாழவில்லை என்பதை எளிதில் உணர்வர்.

சிறியதாகத் தோன்றும் இன்னொரு விடயமும் குறிப்பிடத்தக்கது. உசாத்துணைகளைத் தொகுக்கும் சொட்டேரோ, ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்த, மூலநிரல் திறந்த கருவி. இலாபநோக்கு நிறுவனத்தின் உற்பத்தியன்று. அதுகூட, ஆசிரியர் பெயரைக் குடும்பப் பெயர், தனிப்பெயர் என இரு கட்டங்களாகப் பிரித்தே முதலிற் கேட்கின்றது. தந்தை பெயரின் தலையெழுத்தோடு தம் பெயரை எழுதும் தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. கவனமற்ற மாணவரது பட்டியலிலே தந்தையின் பெயரே ஆசிரியராகி, ஒரே எழுத்தாளர் இரு இடங்களில் இரு மனிதராக நிற்பதைக் காணலாம். முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் இடும் வழி அக்கருவியிலேயே உண்டு. அதை அறிந்து பயன்படுத்துவோர் குறைவு. திறந்த கருவிகூடத் தன்னை உருவாக்கிய சமூகத்தின் முத்திரையைத் தாங்கியே வருகின்றது என்பதும், அத்தகைய கருவி திருத்தத்திற்கு இடங்கொடுக்கின்றது என்பதும் ஒருங்கே நோக்கத்தக்கன.

5

இனி, மையப் பிரச்சினையாகிய உடைமைக்கு வருவோம். மேகக் கருவிகள் ஆராய்ச்சி உழைப்பைச் சமூகமயமாக்கியுள்ளன. அவ்வுழைப்பின் களஞ்சியத்தையோ தனியுடைமையாக வைத்துள்ளன. முதலாளித்துவத்தின் அடிப்படை முரண்பாடு மாணவரது ஆய்வேட்டினுள்ளே சிறு வடிவிற் செயற்படுகின்றது எனலாம்.

இதன் நடைமுறை விளைவுகள் வெளிப்படையானவை. கல்வி நிறுவனங்களுக்கு எல்லையற்ற சேமிப்பிடத்தை இலவசமாக வழங்கிவந்த கூகிள், உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் பெருந்தொற்றினால் இணையவழியையே நம்பியிருந்த 2021 பெப்ரவரியில் அக்கொள்கையை மாற்றுவதாக அறிவித்தது. 2022 ஜூலை முதல், ஒரு நிறுவனத்தின் மாணவர், ஆசிரியர் அனைவருக்கும் சேர்த்து 100 டெராபைட் என்பது அடிப்படை வரம்பாயிற்று. 2023 டிசம்பர் முதல், இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை உள்ளடக்கத்தோடு நீக்கும் நடைமுறையும் வந்தது. இவை சட்டவிரோதமானவையல்ல, தனது களஞ்சியத்தின் விதிகளை மாற்றும் உரிமை உடைமையாளனுக்கு உண்டு. எமது கவலை அதுவேயாகும். ஒரு குழுவின் செவ்விகள் அனைத்தும் ஒரு மாணவரது சொந்தக் கணக்கில் இருந்து, அக்கணக்கு நீங்குமாயின், ஏனையோருக்கும் அவை இல்லாமற்போகின்றன. பட்டம்பெற்று வெளியேறியதும் பல்கலைக்கழகக் கணக்கு மூடப்படுமாயின், அதனுள் இருந்தவற்றின் கதியும் அதுவே. தகவல் தந்த முதியவர் அதற்குள் மறைந்துபோயிருப்பின், அவர் குரலை மீண்டும் பதிவுசெய்ய எவராலும் இயலாது.

கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள துறைமுகத்தின் வரலாறு எமக்கு ஓர் ஒப்புமையைத் தருகின்றது. மலையகத் தொழிலாளர் பறித்த கொழுந்து, 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தினூடாகப் பிறதேசம் சென்று, பிறருடைய வர்த்தகப் பெயரைச் சூடி விற்பனையாயிற்று. மூலப்பொருள் எமது, களஞ்சியமும் விலையும் பிறருடையன. கல்வி நிறுவனக் கணக்குகளின் உள்ளடக்கத்தை விளம்பரத்திற்குப் பயன்படுத்துவதில்லை என்று நிறுவனங்கள் கூறுகின்றன. அதனை ஏற்றுக்கொண்டாலும் தங்கியிருக்கும் உறவு மாறுவதில்லை. கொழுந்தைப் பறித்தவர் அதனை வைத்திருக்க ஒரு களஞ்சியமும் இல்லாதிருந்தமையே அவ்வுறவின் உயிர்நாடி.

அவ்வாறாயின் அரசுடைமையே தீர்வாகுமா? இலங்கையின் அண்மை அனுபவம் இவ்வெளிமையான விடையையும் மறுக்கின்றது. 2023இல் இலங்கை அரசாங்க மேகம் கப்பத் தீநிரற் தாக்குதலுக்கு உள்ளாகியபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவுகள் இழக்கப்பட்டன. அக்காலப்பகுதிக்கு இணைப்பிலிருந்து பிரித்துவைத்த பிரதி இருக்கவில்லை. உடைமை அரசினது; இழப்போ தடுக்கப்படவில்லை. தனி நிறுவனமாயினும் அரசாயினும் களஞ்சியம் ஒன்றேயாயின் ஆபத்தும் ஒன்றே.

ஈழத் தமிழருக்கு இது புதிய பாடமன்று. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அது திட்டமிட்ட பண்பாட்டுக் கொடுமை. தொழில்நுட்பத் தவறோடு அதனைச் சமப்படுத்துவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஆயினும் அச்சாம்பலிலிருந்து பெறவேண்டிய படிப்பினைகளுள் ஒன்று, வேறிடத்திற் பிரதியில்லாத நூல் ஒருமுறை எரிந்தால் என்றென்றைக்குமாக எரிந்துவிடுகின்றது என்பதாகும்.

6

அப்படிப்பினையைச் செயலாக்கிய முயற்சியொன்று எம்மிடையே உண்டு. 2005இல் தன்னார்வலரின் உழைப்பாற் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வருடி, எவரும் கட்டணமின்றி வாசிக்கத் தந்துவருகின்றது. அதுவும் கணினி வழங்கிகளிலேயே தங்கியுள்ளது; அதுவும் ஒருவகையில் மேகமே. ஆனால் அதன் நோக்கத்தைச் சந்தை தீர்மானிப்பதில்லை. ஆவணத்தைத் தந்த சமூகமே அதன் வாசகரும் பராமரிப்பாளருமாகும். பொதுமக்களின் கையிலுள்ள உள்கட்டமைப்பும் இயலாததொன்றன்று. 2020இல் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு பல்கலைக்கழகங்களுக்கு இணையவழி வகுப்பு வசதியை ஏற்படுத்தியதும், பல்கலைக்கழக வழங்கிகளைக் கட்டணமின்றி அணுகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இடமளித்ததும் இதற்குச் சான்று. நெருக்கடியிற் செய்ய முடிந்ததை வழமையாக்க முடியாதென்பது பொருளற்ற வாதம்.

எனவே எமது தமிழ்ச் சங்கங்களும் துறைகளும் செய்யத்தக்கன சிலவுண்டு. முதலாவதாக, குழு ஆய்வின் கோப்புகள் தனியொருவரது கணக்கில் அல்லாமல், துறையின் பொதுக் கணக்கில் இருத்தல் வேண்டும். ஆய்வு முடியுமிடத்து அவற்றைக் கையளிப்பது ஆய்வின் ஓர் அங்கமாக வேண்டும். இரண்டாவதாக, மேகத்தில் ஒன்று, துறையின் வன்தட்டில் ஒன்று, சமூகக் களஞ்சியத்தில் ஒன்று என மூன்று பிரதிகள் பேணப்பட வேண்டும். 1942இல் தோன்றி வெள்ளவத்தையில் நூலகத்தோடு இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம், கொட்டாஞ்சேனையில் 1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபை போன்ற அமைப்புகள் மாணவர் ஆய்வுகளுக்கு ஓர் அலுமாரியையேனும் ஒதுக்குமாறு கேட்கப்படலாம். மூன்றாவதாக, தகவல் தந்தோரின் பாதுகாப்புப் பேணப்பட வேண்டும். 1983 ஜூலையில் தமது வீட்டிலே நிகழ்ந்ததை ஒரு முதியவர் மாணவரை நம்பிக் கூறுகின்றார். இணைப்பைப் பெற்ற எவரும் திறக்கக்கூடிய கோப்பிலே அதனை இடுவது அந்நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சட்டப் பொறுப்பைப் பேசுகின்றது. எமது பொறுப்பு அதற்கு முற்பட்டது. அத்தகைய செவ்விகளைக் கையளிக்கும்போதும் தகவல் தந்தோரின் சம்மதமே எல்லையாக இருத்தல் வேண்டும். நான்காவதாக, ஒவ்வோர் ஆய்வேடும் தனது முன்னுரையில், களத்திற்குச் சென்றவர், படியெழுதியவர், தட்டெழுதியவர் யாவர் என்பதை வெளிப்படையாகக் கூற வேண்டும். கருவி பதிவு செய்யாத உழைப்பை மனிதர் பதிவு செய்தல் வேண்டும்.

இவை பெரும் புரட்சிக்குரிய வேலைத்திட்டமல்ல என்பதை நாம் அறிவோம். களஞ்சியத்தின் உடைமை உலகளாவிய மூலதனத்தின் கையிலிருக்கும்வரை, ஒரு துறையின் வன்தட்டு அவ்வுறவை மாற்றிவிடாது. ஆயினும் அறிவை உற்பத்தி செய்வோர் அதன் பிரதியைத் தம் கையில் வைத்திருப்பது, தம் உழைப்பின் உடைமையாளராகத் தம்மை உணர்வதன் முதற்படியாகும். தாமோதரம்பிள்ளைக்கு உதவிய ஏடுகளுட் பல, பெயர் தெரியாத பலர் தம் கைகளாற் படியெடுத்து வீடுகளிற் பேணியவை. அவ்வாறு படியெடுத்தோர் இல்லையேல் பதிப்பாசிரியரும் இல்லை. இன்றைய மாணவர் தமது ஆய்வை மேகத்தில் எழுதட்டும். படியெடுத்து நிலத்திலும் வைக்கட்டும்.